ஏழு ஏழு ஏழு

செப்டம்பர் 9, செவ்வாய்

சர்வர் என்னை உள்ளே விடவில்லை. மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் ஒரே வரி: பெர்மிஷன் டினைடு. அனுமதி இல்லை.

சர்வர் சென்னையில், எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில் இருக்கிறது. நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். இங்கிருந்து லேப்டாப் வழியாக அதற்குள் நுழைய வேண்டும். பாஸ்வேர்டு கிடையாது, சாவிதான். சாவி என்பது ஒரு சின்னக் கோப்பு. அதன் ஜோடி அங்கே, என் கணக்குக்குள் இருக்கிறது. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். ஐந்து வருடமாகத் திறந்துகொண்டுதான் இருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுதிவைக்கிறேன், பயம் எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிவதற்காக. வைப்பாறு வருடத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும். திடீரென்று ஒரு மழையில் ஒரே மணி நேரத்தில் வெள்ளமாக வரும். எந்த மழைக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று கணக்கிட்ட நூற்று நாற்பத்து மூன்று கணினி ஓட்டங்களின் முடிவுகள் அங்கே இருக்கின்றன. லேப்டாப்பில் கொள்ளாத அளவுக்குப் பெரியவை, வேறு எங்கும் பிரதி இல்லை. அவற்றை வைத்துத்தான் ஆய்வுச் சுருக்கத்தின் மூன்றாம் பகுதியை எழுத வேண்டும். 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கிவிட்டேன். மூன்றாவது கிடையாது. தவறினால் என் முனைவர் பட்டப் பதிவே ரத்தாகும்.

என் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்கு வந்தேன். அது போன வியாழக்கிழமை முடிந்தது. இனி வேலை.

பத்து நாள் இருக்கிறது. ஒரு கதவுக்குப் பத்து நாள் தாராளம்.

செப்டம்பர் 10, புதன்

ஒரு தவற்றைக் கண்டுபிடித்தேன். ஆய்வுக்கூடத்து மேசைக் கணினியிலிருந்து சாவியைப் பென் டிரைவில் எடுத்து வந்தேன். அப்படி எடுத்து வந்ததில் அது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய கோப்பாக மாறியிருக்கிறது. லேப்டாப் பெரிய எழுத்தில் எச்சரித்திருந்தது. நேற்று அவசரத்தில் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறேன். ஊரெல்லாம் பார்க்கக்கூடிய சாவி சாவியே அல்ல, அதைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறது இயந்திரம். நியாயம்தான். நான் மட்டும் படிக்கும்படி மாற்றினேன். எச்சரிக்கை போய்விட்டது.

கதவு மட்டும் திறக்கவில்லை.

கதிரேசனை அழைத்தேன். அதே ஆய்வுக்கூடம், எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். எங்கள் கூடத்தில் மூத்தவர்கள் எல்லாரும் அண்ணாதான். நான்கு வருடம் அவரைக் கதிரண்ணா என்று கூப்பிட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டேன். அம்மா காப்பித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அதிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கேக்குதா" என்று ஆரம்பிக்கிறேன்.

நெட் கோளாறாக இருக்கும், இல்லையென்றால் சாவி கெட்டுப்போயிருக்கும், இதற்குப் போய் ஏன் பதறுகிறாய் என்றார். என் கோப்புகள் அவருக்குத் தெரிகின்றன, வேண்டிய வரைபடங்களை அவரே வரைந்து அனுப்புவாராம். நீ கல்யாண வேலையைப் பார் என்றார்.

அன்பாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று செய்தவை: கைபேசி இணைப்பில் முயன்றேன், அதே வரி. எதிர்வீட்டு சந்தான லட்சுமி அக்காவின் வைஃபையில் முயன்றேன், அதே வரியும் ஒரு டம்ளர் மோரும் கிடைத்தன. கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சாவியை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணைப் பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டேன். ஒன்றேதான். அதே சாவி.

பிறகு, நுழையும் நிரலை விரிவாகப் பேசச் சொல்லும் முறையில் இயக்கினேன். ஒவ்வோர் அடியையும் அது சொல்லிக்கொண்டே போகும். சர்வரைக் கண்டேன். அது சர்வர்தான் என்று உறுதி செய்தேன். இதோ சாவியை நீட்டுகிறேன். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் காரணம் சொல்லாமல், வேறு வழி இருந்தால் வா என்கிறது. வேறு வழி இல்லை.

வெளியே நிற்பவருக்கு ஏன் என்று சொல்லக் கூடாதாம், அதுதான் பாதுகாப்பு. தேடிப் படித்ததில் தெரிந்தது. காரணத்தை அது உள்ளேயே தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும், தேதி, மணி, நொடியோடு. ஆக அதுவும் நாட்குறிப்பு எழுதுகிறது. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைத் திறக்கும் அதிகாரம் எஸ்தர் அக்காவுக்கு மட்டும்தான். கூடத்தின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். தங்கையின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். 17ஆம் தேதிதான் வருவார். அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கதிரேசன் மூன்று படங்கள் அனுப்பினார். அழகாக இருக்கின்றன. எண்கள் இல்லாமல் படத்தை வைத்து நான் என்ன செய்வது? எண்கள் வேண்டும் என்றேன். பெரிய கோப்பு, இங்கே நெட் மெதுவாக இருக்கிறது என்றார்.

ஆய்வுக்கூடத்து நெட்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் இல்லை. மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

செப்டம்பர் 13, சனி

நிச்சயத்துக்காக வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது என் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். பிறகு மாட்டவில்லை. அப்பாவிடம் நான்கு முறை சொன்னேன். இன்னும் நாலு மாசம் இருக்கப்போற அறைக்கு என்னத்துக்குத் தாழ்ப்பாள் என்று சிரிக்கிறார். இந்த நோட்டை வங்கித் தேர்வு வழிகாட்டியின் அட்டைக்குள் வைத்து எழுதுகிறேன். அதை யாரும் திறப்பதில்லை.

நான் படித்த நாவல்களில் அறைக்குள் பூட்டப்பட்ட பெண்கள் நிறைய வருவார்கள். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறை கேட்ட பெண்கள் மிகக் குறைவு. இரண்டும் ஒரே கதவுதான். தாழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கதை.

மாலை மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு தாழ்ப்பாளும் ஆறு திருகாணியும் வாங்கிவந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காவது திருகாணி இறங்கும்போது, 17ஆம் தேதி எஸ்தர் அக்கா வந்தும் சரியாகவில்லை என்றால் அன்றைக்கே சென்னை போய்விடுவேன் என்று சொன்னேன்.

"தனியா போறேங்கியா? நிச்சயம் பண்ணுன பிள்ள. நாளைக்கு அவுக வீட்ல ஒரு வார்த்த கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"ஆய்வு பண்ணப் போயிருக்கான்னு சொல்லு."

"அதான் மாப்பிள்ளையே முடிச்சுத் தாரேங்காகல்ல."

மீதி இரண்டு திருகாணிகளையும் இறக்கினேன். ஒன்று கொஞ்சம் கோணல். ஆனால் தாழ் விழுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரவிக்கை அளவு வாங்க கதிரேசனின் அம்மாவும் தங்கை மீனலோசனியும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி. மீனலோசனி கலகலப்பானவள். நிச்சயத்தன்று ஒரு விளையாட்டைக் கிளப்பியவளும் அவள்தான்: பெண்ணும் மாப்பிள்ளையும் போன் பாஸ்வேர்டைச் சபையில் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவருடைய போனுக்குப் பாஸ்வேர்டே இல்லை, முகத்தைக் காட்டினால்தான் திறக்குமாம். அதற்கும் கைதட்டினார்கள்.

இன்று அவள் கேசரியைக் கிளறிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"எங்க அண்ணன் அடுத்த மாசம் ஐதராபாத்ல பேசப்போறான், தெரியும்ல மதினி? பெரிய மாநாடாம். வைப்பாறு பத்தி."

தெரியும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவருடைய ஆய்வு வைப்பாறு அல்ல. ஏரிகளில் படியும் வண்டல். மீனலோசனிக்கு ஆறும் ஏரியும் ஒன்றுதான். மாற்றிச் சொல்லியிருப்பாள்.

அளவு எடுத்த நூல் இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

எஸ்தர் அக்கா பதில் போட்டார். ஆண் குழந்தை, மூன்று கிலோ. புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பார்க்கிறேன், அதுவரைக்கும் எதையும் நோண்டாதே என்று எழுதியிருக்கிறார்.

எண்கள் அனுப்பியாயிற்றா என்று கதிரேசனிடம் கேட்டேன். இந்தப் பகுதி இல்லாமலே சுருக்கத்தை முடித்துவிடலாமே, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாம் பகுதி இல்லாவிட்டால் ஆறே இல்லை என்றேன்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் டாக்டர் ஆனா போதாதா?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

முதல் இரண்டு பகுதிகளும் தயார். மூன்றுக்குத் தலைப்பு எழுதி, கீழே வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

புதன் இரவுப் பேருந்துக்கு இருக்கை பதிவு செய்தேன், தேவைப்பட்டால் போக. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மதியத்திலிருந்து பேசவில்லை. ஆனால் எலுமிச்சைச் சாதத்துக்குப் பழம் வாங்கி வைத்திருக்கிறாள், பயணத்துக்குக் கட்டிக் கொடுப்பது அதுதான்.

செப்டம்பர் 17, புதன்

பத்தரை மணிக்கு எஸ்தர் அக்கா அழைத்தார். சர்வர் அறையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"இப்பம் நுழைஞ்சு பாரு மக்கா. நான் பதிவேட்டத் திறந்து வச்சிருக்கேன்."

முயன்றேன். அதே வரி.

"ஆங், எழுதிட்டு. ஒனக்க சாவி நல்ல சாவிதான். அதுக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்க வீடுதான் தொறந்து கெடக்கு."

சர்வரில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. அதை வீடு என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று இலக்கம். முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். ஏழு என்றால் எதையும் செய்யலாம்: பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம். பூஜ்யம் என்றால் ஒன்றும் முடியாது.

என்னுடையது ஏழு ஏழு ஏழு. வீடு முழுக்க, கடைசி அலமாரி வரை.

அக்கா பொறுமையாக விளக்கினார். என் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், யார் வேண்டுமானாலும் தங்கள் சாவியின் ஜோடியை அங்கே வைத்துவிட்டு, நான்தான் என்று சொல்லிக்கொண்டு நுழையலாம். அதனால் அப்படித் திறந்து கிடக்கும் வீட்டில் உள்ள எந்தப் பூட்டையும் சர்வர் நம்பாது. சொந்தக்காரியின் சாவியையும் ஏற்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியே தள்ளாது. புதிதாக நுழையும்போதுதான் மறுக்கும்.

"யாரு போட்டா இந்த எண்ண?"

நான்தான் போட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள், கூடத்து மேசையில். யாருடனாவது ஒரு கோப்பைப் பகிர வேண்டுமென்றால் எங்கள் கூடத்தில் எல்லாரும் சொல்வது அதுதான்: ஏழு ஏழு ஏழு போடு. ராசி எண் மாதிரி. ஒரு கோப்புக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. அன்று ஒரு கோப்புக்குத்தான் போடப்போனேன். நமக்குள்ள என்ன பூட்டு, மொத்தமா போட்டுரு என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். "கதிரு ஒங்கிட்ட சொல்லலியா? போன வருசம் அவனுக்கும் இதேதான் ஆச்சு. அர நாளு எனக்க பக்கத்துல இருந்து இந்த வரியத்தான பாத்துட்டு இருந்தான்" என்றார்.

மறந்திருக்கலாம் என்றேன்.

"மறந்திருக்கலாம்" என்றார் அக்கா.



"இப்பம் என்ன எண்ணு போடட்டும்? ஏழு அஞ்சு அஞ்சு போட்டா மத்தவங்க பாக்கலாம், ஆனா ஒண்ணையும் மாத்த முடியாது. கூடத்துல பாதிப் பேரு அப்படித்தான் வச்சிருக்கு. ஏழு பூஜ்யம் பூஜ்யம் போட்டா ஒனக்கு மட்டும்தான். சாவி ரெண்டுக்கும் வேலை செய்யும். நீ சொல்லு."

ஐந்து ஐந்து மரியாதையான எண். யாருக்கும் கோபம் வராது. பார்க்கத்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை விஷயத்துக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஏழு பூஜ்யம் பூஜ்யம்க்கா."

"உறுதிதான? பெறவு ஆளு வந்து கேக்கும்."

"கேக்கட்டும்க்கா."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பூட்டில் என்னுடையதைத் தவிர வேறு சாவி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. ஒன்றுதான், என்னுடையது.

"இப்பம் வா" என்றார்.

நுழைந்தேன். கடைசியாக எப்போது வந்தேன் என்பதை அது ஒரு வரியில் சொல்லும்: செப்டம்பர் இரண்டு, செவ்வாய். அப்புறம் என் பெயர், அதற்குப் பக்கத்தில் எனக்காகக் காத்து மின்னும் கட்டம்.

பேருந்து இருக்கையை ரத்து செய்தேன். எலுமிச்சைச் சாதத்தை மதியம் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 18, வியாழன்

நூற்று நாற்பத்து மூன்றும் இருக்கின்றன. எண்ணினேன், இரண்டு முறை.

முடிவுகள் அடுக்கில் நான் உருவாக்காத ஒரு கோப்புறையும் இருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர் பெயரை சர்வர் எழுதிவைக்கும். இதில் இருப்பது கதிரேசனின் பெயர். உருவான நாள் செப்டம்பர் ஐந்து. தட்டு மாற்றியதற்கு மறுநாள். என் எண்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அது வசதி.

உள்ளே ஒரு கட்டுரை. வைப்பாறு. ஒன்பது பக்கம். என் வரைபடங்கள், என் நூற்று நாற்பத்து மூன்று. மீனலோசனி மாற்றிச் சொல்லவில்லை. ஆசிரியர் ஒருவர்தான். கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல் இருக்கிறது. பேராசிரியருக்கு, ஆய்வுக்கூடத்துக்கு, பெற்றோருக்கு, "கணினி உதவிக்காக செல்வி செண்பகவல்லிக்கு", அதாவது எனக்கு.

கணினி உதவி.

நன்றாக எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். என் இரண்டாம் பகுதியைவிட அவருடைய முன்னுரை தெளிவு.

அதை நான் அழிக்கலாம், வீடு என்னுடையது. அழிக்கவில்லை. தேதியோடு பிரதி எடுத்தேன். ஒவ்வோர் ஓட்டமும் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில் நடந்தது என்ற பதிவுகளையும் எடுத்தேன். பதினொரு மாதம், எல்லாவற்றிலும் என் பெயர். இரண்டையும் பேராசிரியருக்கு அனுப்பினேன். மூன்றே வரிக் கடிதம்: இது என் வேலை, இவை அதற்கான பதிவுகள், இந்தக் கட்டுரை என் அனுமதி இல்லாமல் எழுதப்பட்டது. நான்காவதாக வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அனுப்புமுன் எடுத்துவிட்டேன்.

பகல் முழுக்க மூன்றாம் பகுதி. அம்மா தட்டை அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனாள்.

போன் பாஸ்வேர்டை மாற்றினேன். மோதிரம் விரலில் இறுகிக் கிடக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை பதினொன்று நாற்பதுக்கு ஏற்றினேன். பெற்றுக்கொண்டோம் என்று ரசீது வந்தது. அதை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதும் படித்தார். முடிஞ்சுதா என்றார். இது முடிந்தது, இன்னொன்று இருக்கிறது, சாயங்காலம் உங்கள் இருவரிடமும் பேச வேண்டும் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் கையைப் பார்த்தாள். மோதிரம் தேங்காய் எண்ணெய்க்குக் கழன்றிருந்தது. விரலில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது.

"அவுக வீட்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். சனிக்கிழமை கேட்ட அதே கேள்விதான். ஆனால் இன்று நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"என்கிட்ட கேக்கச் சொல்லும்மா."

மூன்று மணிக்குக் கதிரேசனிடமிருந்து செய்தி வந்தது. பேராசிரியர் இன்னும் அவரை அழைத்திருக்க மாட்டார் போலிருக்கிறது.

"செண்பா, உன் ஃபோல்டருக்குள்ள போக முடியல. பெர்மிஷன் டினைடுன்னு வருது. என்ன பிரச்சினைன்னு கொஞ்சம் பாரு. அவசரம்."

பார்த்தேன். உள்ளே நுழைந்து, இலக்கங்களைச் சரிபார்த்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தும் பார்த்தேன். பிறகு பதில் எழுதினேன்.

"ஒரு பிரச்சினையும் இல்ல. சரியாத்தான் வேலை செய்யுது."